பிரபுக்களின் பொறாமைக்கு அவகாசம் உண்டு

கூலிவேலை செய்து பிழைக்கும் ஒருவன் தன் மனைவியோடு உறவு கொண்டவனை அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டுக் காவல் நிலையத்தில் போய் நின்றான் என்ற செய்தி, நமது பத்திரிகைகளின் உட்பக்கத்தில் ஆறேழு வரிகளுக்குள் பிறந்து அன்று மாலைக்குள் மறக்கப்பட்டுவிடுகிறது. அதே காரியத்தைப் படிப்பும் பதவியும் சீமை உடுப்பும் உடைய கனவான் ஒருவர் கைத்துப்பாக்கியால் செய்து முடித்தாரானால், அது முதற்பக்கத்தில் ஏறி மாதக்கணக்கில் இறங்காமல் இருந்து, நூலாகி, திரைப்படமாகி, ஒரு தலைமுறை கழிந்த பின் மறுபடியும் திரைப்படமாகி, கொன்றவரைக் காதலுக்காகத் துயருற்ற காவிய நாயகராகவும் கொல்லப்பட்டவரை அந்தக் காவியத்துக்கு அவசியமான துஷ்டனாகவும் ஜனங்களின் ஞாபகத்தில் நிலைநிறுத்திவிடுகிறது. ஏழையின் பொறாமை மிருக வெறி என்றும், பிரபுவின் பொறாமை மானம் என்றும் பாகுபாடு செய்யும் இந்த வழக்கத்தை நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். நியாயப்படி பார்த்தால் இந்தப் பாகுபாடு தலைகீழாக இருக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை, சட்டப் புத்தகங்களிலும் சரித்திரத்திலும் பதிவாகியுள்ள சில வழக்குகளைக் கொண்டே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடவேண்டும். 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவு, எது கொலைக்குற்றம் என்று வரையறுத்துவிட்டு, உடனே சில விதிவிலக்குகளையும் கூறுகிறது. அவற்றுள் முதலாவது, கடுமையானதும் திடீரென்று நேர்ந்ததுமான ஓர் ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்த நிலையில் ஒருவன் உயிரைப் போக்கினால் அது கொலை என்னும் பெருங்குற்றத்தினின்று ஒரு படி இறங்கும் என்பதாகும். இப்பொழுது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதையிலும் இந்த விதிவிலக்கு அப்படியே நீடிக்கிறது. கடுமை வேண்டும், திடீர்த் தன்மையும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையாயின் சலுகை இல்லை. மனிதன் எப்பொழுதும் விவேகியாக இருக்கமாட்டான் என்ற பரிதாபமான உண்மையை ஒப்புக்கொண்டு, ஆனால் அந்த விவேகமின்மைக்கு ஒரு கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்த ஏற்பாடு இது.

இந்த விதிவிலக்குக்கு உட்பட்டவர்களில் பழையவர் ஒருவரைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஏடுகளில் காண்கிறோம். 1881ஆம் ஆண்டின் போயா முனிகாடு வழக்கு அது. தன் மனைவி தன் ஜன்ம விரோதியோடு கூடியிருந்ததை அந்த மனிதர் ஒருநாள் கண்ணாரக் கண்டார். அன்றிரவு அவர் சோறு உண்ணவில்லை. மறுநாட் காலை, குடியானவர்களிடம் தமக்கு வரவேண்டிய கூலியை வாங்கிக்கொள்ளப் போனவர், அங்கே மனைவியும் அந்த மனிதனும் சேர்ந்து அமர்ந்து உண்டுகொண்டிருப்பதைப் பார்த்தார். கையிலிருந்த அரிவாளால் அவனை வெட்டினார். முதல்நாட் காட்சிக்கும் மறுநாள் வெட்டுக்கும் இடையில் ஓரிரவு கழிந்திருந்தும், இனி மறைக்கவேண்டிய அவசியமுமில்லை, இவனுடைய மனத்தைப் பொருட்படுத்த வேண்டியதுமில்லை என்று அவ்விருவரும் துணிந்துவிட்டார்கள் என்பதை அந்தக் காலைக் காட்சி அவருக்கு அறிவித்தது என்றும், முன்தினக் காட்சியோடு அதை இணைத்துப் பாராமல் அவரால் இருந்திருக்க முடியாது என்றும், ஆகவே அது திடீர்த் தூண்டலே என்றும் நீதிபதிகள் கருதினார்கள். உண்ணாத இரவு ஒன்று, கூலிக்காகக் காத்து நின்ற காலை ஒன்று, வேலைக்கென்றே எப்போதும் கையோடிருக்கும் அரிவாள் ஒன்று: அவருடைய பொறாமைக்கு இருந்த உபகரணங்கள் இவ்வளவே.

எண்பது ஆண்டுகள் கழித்து, இந்திய சுப்ரீம் கோர்ட் இந்த ஏழையின் வழக்கைத் தூசி தட்டி எடுத்து ஆராய நேர்ந்தது; ஆராயச் செய்தவர் இந்தியக் கடற்படையின் கமாண்டர் கவாஸ் மானெக்ஷா நானாவதி. ஐ.என்.எஸ். மைசூர் என்னும் போர்க்கப்பலின் இரண்டாவது அதிகாரியாக இருந்தவர், பார்ஸி வகுப்பினர், 1949இல் இங்கிலாந்தில் சில்வியா என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்து மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானவர். 1959 ஏப்ரல் 27ஆம் தேதி, பிரேம் அகுஜா என்ற மோட்டார் வியாபாரியிடம் தாம் மனத்தைப் பறிகொடுத்ததை அந்த அம்மையார் கணவரிடம் ஒப்புக்கொண்டார். அகுஜா குடும்ப நண்பர். சிந்து தேசத்திலிருந்து வந்து பம்பாயில் செல்வாக்குப் பெற்றவர்.

அன்றைய தினத்தின் நடவடிக்கைகளை நீதிமன்றத் தீர்ப்பே நிதானமாக விவரிக்கிறது. அந்த நிதானத்தில்தான் வழக்கின் சாரம் முழுவதும் இருக்கிறது என்பேன். காலையில் தம்பதிகள் நோயுற்ற நாயைப் பரேலிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். மெட்ரோ சினிமாவில் பிற்பகல் காட்சிக்குச் சீட்டு வாங்கினார்கள். வீடு திரும்பி உணவருந்தினார்கள். அதன்பின்பே உண்மை வெளிப்பட்டது. அதைக் கேட்ட கணவர் மனைவியையும் குழந்தைகளையும் காரில் ஏற்றி, வாக்களித்தபடியே சினிமாக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். பிறகு தம் கப்பலுக்குச் சென்று, இரவில் தனியாக அகமத் நகருக்குக் காரோட்டிப் போகவேண்டியிருக்கிறது என்று ஒரு பொய்க் காரணம் சொல்லி, கப்பலின் ஆயுதக் கிடங்கிலிருந்து ரிவால்வர் ஒன்றையும் ஆறு தோட்டாக்களையும் பெற்றுக்கொண்டார். அவற்றை ஒரு பழுப்பு நிற உறையில் இட்டுக்கொண்டு அகுஜாவின் காரியாலயத்துக்குப் போனார். அங்கே அவர் இல்லை என்று தெரிந்ததும், மலபார் குன்றின் சரிவிலுள்ள ஜீவன் ஜோத் என்ற மாளிகைக்கு வந்து, மாடியேறி, படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றிருந்த அகுஜாவின் உடலில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. அதன்பின் கமாண்டர் நேராகச் சென்று கடற்படை அதிகாரி ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் வழி காட்டியபடி போலீஸ் டெபுடி கமிஷனர் முன்பு சரணடைந்தார்.

வீட்டை விட்டுப் புறப்பட்டது ஒன்றரை மணிக்கு. குண்டு வெடித்தது நான்கு மணி இருபது நிமிஷத்துக்கு. ஏறத்தாழ மூன்று மணி நேரம். பம்பாயின் மதிய வெயிலில், போக்குவரத்து விளக்குகளுக்கும் போலீஸ்காரரின் கைச் சைகைக்கும் ஒழுங்காகக் கட்டுப்பட்டு, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கார் செலுத்திய மனிதர் தன்னடக்கம் இழந்திருந்தார் என்று நம்புவது எளிதன்று; கிடங்குக்காரர் சந்தேகப்படாதபடி காரணம் புனைந்த மனத்தில் ஆத்திரம் இருந்திருக்கலாம், ஆனால் அங்கே புத்தியும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கைகலப்பில் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பதே கமாண்டர் தரப்பின் முதல் வாதம். அத்தனை பெரிய கைகலப்பில் இறந்தவரின் இடுப்புத் துண்டு நழுவாமல் இருந்ததெப்படி என்று பிராசிக்யூஷன் கேட்டது. சில்வியாவை மணந்துகொண்டு குழந்தைகளையும் ஏற்றுக்கொள்வாயா என்று தாம் வினவியதற்கு அகுஜா இழிவாக மறுமொழி கூறினார் என்பது கமாண்டரின் வாக்குமூலம். மூடிய கதவுக்குள் நடந்த அந்தச் சம்பாஷணைக்குச் சாட்சியாக உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரர்கள் அமர்ந்து விசாரித்து, எட்டுப் பேர் குற்றவாளியல்ல என்றும் ஒருவர் மட்டும் மாறாகவும் தீர்ப்பளித்தார்கள். நியாய உணர்ச்சியுள்ள எவரும் இந்த முடிவுக்கு வந்திருக்க இயலாது என்று கருதிய நீதிபதி ஆர். பி. மேத்தா, தீர்ப்பை ஏற்க மறுத்து வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்ததே இந்த ஒரு வழக்கினால்தான் என்று பலர் சொல்கிறார்கள், அது மிகை. அந்த முறையின்மீது அதிருப்தி அதற்கு முன்பே இருந்தது. அதற்குப் பின்பும் சில இடங்களில் அது சில காலம் உயிரோடிருந்தது. ஆனால் ஒரு நகரத்தின் அனுதாபம் நீதிமன்றத்தின் சுவர்களைக் கடந்து ஜூரர்களின் ஆசனம் வரை எப்படி வந்து சேரும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நமது தேசத்தில் கிடையாது.

அந்த அனுதாபத்தை உண்டாக்கிய பெருமை பெரும்பாலும் ‘பிளிட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையையும் அதன் ஆசிரியர் ஆர். கே. கராஞ்சியாவையும் சேரும். வெண்ணிற உடுப்பும் பதக்கங்களுமாகக் கமாண்டரின் படம் வாராவாரம் வந்தது. தேசத்தைக் காக்கக் கடலில் திரியும் வீரர் ஒருவரின் இல்லத்தைக் கரையிலிருந்த உல்லாசப் பணக்காரன் ஒருவன் கொள்ளையிட்டான் என்ற ஒரே கதையை விதவிதமாக அது எழுதிற்று. கால் ரூபாய்ப் பத்திரிகை இரண்டு ரூபாய்க்குக் கைமாறியது என்று சொல்வார்கள். நானாவதி ரிவால்வர் என்ற பெயரில் பொம்மைத் துப்பாக்கியும் அகுஜா டவல் என்ற பெயரில் துண்டும் பம்பாய்த் தெருக்களில் விற்பனைக்கு வந்தன. கொலையுண்டவரின் இடுப்புத் துணியை விளையாட்டுச் சாமானாக்கி விலை கூறும் அளவுக்கு ஒரு பட்டணத்தின் மனம் மரத்துப்போகக் கூடும் என்பதை எண்ணும்போது, ஜூரர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை; அவர்களும் அந்தப் பத்திரிகையை வாசித்து, அந்தத் தெருக்களில் நடந்தவர்களே.

உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்த 1960 மார்ச் 11ஆம் தேதியன்றே, பம்பாய் கவர்னர் ஸ்ரீபிரகாசா அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்து, சுப்ரீம் கோர்ட் அப்பீல் முடியும் வரை கமாண்டர் கடற்படைக் காவலிலேயே இருக்கலாம் என்று உத்தரவிட்டார். தமிழ் வாசகர்களுக்கு ஸ்ரீபிரகாசா புதியவர் அல்லர். 1952இல் சட்டசபையில் பெரும்பான்மையில்லாத காங்கிரசின் சார்பில் ராஜாஜியை மந்திரிசபை அமைக்க அழைத்த சென்னை கவர்னர் அவரேதான். தூக்குக் கைதிகளும் ஆயுள் கைதிகளும் மனுவின்மேல் மனுவாக எழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தேசத்தில், ஒரே நாளில் தீர்ப்பும் அதை நிறுத்தும் கருணையும் சேர்ந்து வந்தது அபூர்வமான காட்சி. அப்பீல் தன் முன் நிலுவையிலிருக்கும்போது இப்படித் தண்டனையை நிறுத்தக் கவர்னருக்கு அதிகாரமில்லை என்று சுப்ரீம் கோர்ட் அவ்வாண்டு செப்டம்பரில் சொல்லவேண்டியதாயிற்று.

இறுதித் தீர்ப்பு 1961 நவம்பர் 24ஆம் தேதி வந்தது. எழுதியவர் நீதிபதி கோகா சுப்பாராவ். சென்னையில் வக்கீல் தொழில் நடத்தி, சென்னை உயர்நீதிமன்றத்திலேயே நீதிபதியாகவும் அமர்ந்தவர். போயா முனிகாடு வழக்கையும், அதற்குப் பின் வந்த சென்னைத் தீர்ப்புகளையும் அவர் எடுத்துப் பேசியதில் ஆச்சரியமில்லை. அந்தத் தீர்ப்பில் ஒரு சோதனை வகுக்கப்படுகிறது: குற்றம் சாட்டப்பட்டவர் எந்தச் சமூக வர்க்கத்தைச் சேர்ந்தவரோ அந்த வர்க்கத்தைச் சேர்ந்த நியாயமான மனிதர் ஒருவர், அதே சந்தர்ப்பத்தில் வைக்கப்பட்டால், தன்னடக்கம் இழப்பாரா என்பதே அது. பழக்க வழக்கங்களும் வாழ்க்கை முறையும் வளர்ப்பும் மனிதருக்கு மனிதர் வேறுபடுவதால் எல்லோருக்கும் பொதுவான ஒரு அளவுகோலை நிர்ணயிக்க முடியாது என்பது அதன் பின்னுள்ள எண்ணம்.

இந்தச் சோதனையைப் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படுவதில்லை. எனக்கோ அதில் ஒரு நெருடல் உண்டு. வர்க்கத்தைக் கணக்கிலெடுப்பது ஏழைக்கு அனுகூலமாகவே யோசிக்கப்பட்டிருக்கலாம்; காட்டிலும் கழனியிலும் வளர்ந்தவனைக் கல்லூரிப் படிகளால் அளக்கக் கூடாது என்பது தர்மந்தான். ஆனால் அதே கதவு வழியாக மற்றொரு வாதமும் உள்ளே வரக்கூடும்: நுண்ணிய உணர்ச்சியும் உயர்ந்த அந்தஸ்தும் உடையவருக்கு அவமானம் அதிகமாகச் சுடும், ஆகவே அவருக்குச் சலுகையும் அதிகம் என்ற வாதம். சுப்பாராவ் அந்தக் கதவைத் திறந்துவைத்த கையாலேயே கமாண்டரை வெளியே நிறுத்திவிட்டார். மனைவியின் ஒப்புதலைக் கேட்டபோது அவர் நிதானம் இழந்திருக்கக் கூடும். ஆனால் மனைவி மக்களின் எதிர்காலத்தைப் பற்றியும் சிந்தித்து, சினிமாவுக்கும் கப்பலுக்கும் காரியாலயத்துக்கும் சென்று வந்தவருக்கு, நிதானம் திரும்புவதற்கு மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும் என்று அவர் முடிவு செய்தார். கூலிக்காரருக்குக் கிட்டிய விதிவிலக்கு கமாண்டருக்குக் கிட்டவில்லை. கூலிக்காரரின் இரவு கமாண்டரின் பகலைவிட நீளமானதுதான். என்றாலும் அந்த நீளத்தின் முடிவில் ஒரு புதிய அவமதிப்பு அவர் கண்முன் எதிர்பாராமல் வந்து நின்றது. கமாண்டரோ அந்த அவமதிப்பைத் தேடிக்கொண்டு மாடிப்படி ஏறிச் சென்றார்.

உயர்குடியினரின் காதற் பொறாமைக்குரிய விசேஷ லக்ஷணமாக நான் கருதுவது இதைத்தான். அதற்கு அவகாசம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, கேட்டவுடன் கிடங்கைத் திறந்துவிடும் சிப்பந்திகள் இருக்கிறார்கள். கோபத்தைச் செயலாக்கத் தன் இரண்டு கைகளைத் தவிர வேறொன்றுமில்லாதவனுக்கு அது எரியும்போதே வெடித்தாக வேண்டும், இல்லையேல் அவிந்துபோகும். பதவியும் ஐசுவரியமும் உள்ளவருக்கு அதைப் பத்திரப்படுத்தி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள வசதி உண்டு. அந்தஸ்து உயர உயர இந்த அவகாசம் மணிகளிலிருந்து மாதங்களாகவும் மாதங்களிலிருந்து ஆண்டுகளாகவும் நீண்டுகொண்டே போவதைக் காணலாம். இதன் உச்சத்தைப் பார்க்க, அதே மலபார் குன்றுக்கு, முப்பத்து நான்கு ஆண்டுகள் முன்னதாகச் செல்லவேண்டும்.

1925 ஜனவரி 12ஆம் தேதி அந்தி நேரத்தில், அப்துல் காதர் பாவ்லா என்ற இருபத்தைந்து வயதுச் செல்வர், மும்தாஜ் பேகம் என்ற பெண்மணியோடும் தம் மானேஜரோடும் அந்தக் குன்றின்மேல் காரில் உலாவிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த மற்றொரு கார் மோதி நின்றது. அதிலிருந்து குதித்தவர்கள் பாவ்லாவைச் சுட்டார்கள். அந்தப் பெண்மணியைத் தங்கள் காருக்கு இழுத்தார்கள். முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். கோல்ப் ஆடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் சிலர் வழி தவறி அந்தப் பாதையில் வந்திராவிட்டால் விவகாரம் எப்படி முடிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுள் ஸேகர்ட் என்ற லெப்டினன்ட், குண்டடி பட்டும் விடாமல் கையிலிருந்த கோல்ப் மட்டையைக் கொண்டே துப்பாக்கிக்காரர்களை எதிர்த்தார். ஒருவன் அந்த இடத்திலேயே பிடிபட்டான். பாவ்லா சில மணி நேரத்தில் மாண்டார்.

பிடிபட்டவர்களை விசாரிக்க விசாரிக்க, அவர்கள் பம்பாயின் ரௌடிகள் அல்லர், இந்தூர் சமஸ்தானத்தோடு தொடர்புடையவர்கள் என்பது புலனாயிற்று. அவர்களுள் சமஸ்தானத்துப் படையில் உயர்ந்த உத்தியோகம் வகித்த ஆனந்தராவ் பான்ஸேயும் இருந்தார். அவருக்காக வாதாடியவர் முகமதலி ஜின்னா. மும்தாஜ் பேகம் பல ஆண்டுகள் இந்தூர் மகாராஜா மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கரின் ஆதரவில் இருந்தவர்; சிறு பிராயத்திலேயே ஆட்டக்காரியாக அரண்மனைக்குள் வந்தவர்; முசௌரிக்குப் பயணம் போன சமயத்தில் பிரிந்து வந்தவர். திரும்பிவரும்படி தூது வந்தது. நகைகளைத் திருடிவிட்டார் என்று குற்றச்சாட்டும் பின்தொடர்ந்தது. எந்த ஊருக்குப் போனாலும் இந்தூரின் கண்கள் பின்னாலேயே வந்தன. தமக்குப் பிறந்த பெண் மகவு மாண்டதற்கு அரண்மனைத் தாதியரே காரணம் என்றும், அதன் பிறகு அங்கே தங்க மனம் ஒப்பவில்லை என்றும் அவர் நீதிமன்றத்தில் கூறினார். நேசித்த ஒருவரைத் தேடும் வழிகளாக இவை எனக்குத் தோன்றவில்லை. களவுபோன சொத்தை மீட்கும் வழிகள் இப்படித்தான் இருக்கும்: முதலில் கடிதம், பிறகு வாரண்டு, முடிவில் ஆட்கள். முகத்தில் விழுந்த கத்திக்கீற்றும், தனக்கு இல்லையெனில் வேறெவருக்கும் அது மதிப்புள்ள பொருளாக இருக்கலாகாது என்ற உடைமைக்காரரின் எண்ணத்தையே காட்டுகிறது.

ஒன்பது பேர்மீது நடந்த அந்த விசாரணையின் முடிவில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் தூக்கிலிடப்பட்டார்கள், மூன்றாமவர் சித்தம் பேதலித்தமையால் உயிர் தப்பினார், பான்ஸே ஆயுட்காலத் தீவாந்தர சிக்ஷை பெற்றார். இவர்களில் எவருக்கும் மும்தாஜின்மீதும் பாவ்லாவின்மீதும் சொந்தப் பொறாமை கொள்ள யாதொரு காரணமும் இல்லை. ஆத்திரமே இல்லாதவர்கள் செய்த ஆத்திரக் கொலை அது! இதன் பின்னணியில் இருப்பவர்கள் நம் முன் நிறுத்தப்படவில்லை என்பதை நீதிபதி கிரம்ப் உணர்ந்தே இருந்தார். மகாராஜாமீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை; அவர் கட்டளையிட்டார் என்பது எங்கும் நிரூபணமாகவில்லை. வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் சர்க்கார், விசாரணைக் கமிஷனுக்கு உட்படுகிறீர்களா, முடி துறக்கிறீர்களா என்று கேட்டது. 1926 பிப்ரவரியில் அவர் பதினேழு வயதுக் குமாரர் யஷ்வந்த்ராவுக்குச் சிங்காதனத்தை விட்டுக்கொடுத்தார். விசாரணையும் அத்தோடு நின்றது. இரண்டு ஆண்டுகளில், நான்சி மில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி இந்து மதம் தழுவி சர்மிஷ்டாதேவி என்ற நாமத்தோடு அவருக்கு மனைவியானார். மகாராஜாவோ 1978 வரை வாழ்ந்தார். ஏவலர்களின் கதை 1925ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது.

நமது நாட்டின் ராஜாக்களும் கமாண்டர்களும்தாம் இப்படி என்று எண்ணிவிடவேண்டாம். 1906 ஜூன் 25ஆம் தேதி நியூயார்க்கில், மாடிசன் ஸ்குயர் கார்டன் மாளிகையின் மொட்டைமாடி நாடக அரங்கில், பிட்ஸ்பர்க் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளையான ஹாரி தா என்பவர், அந்த மாளிகையையே நிர்மாணித்த சிற்பி ஸ்டான்போர்டு ஒயிட்டை எல்லோரும் பார்க்கச் சுட்டுக் கொன்றார். தம் மனைவி ஈவ்லின் நெஸ்பிட்டைக் கல்யாணத்துக்கு முன்பே, இளம் பிராயத்தில், ஒயிட் கெடுத்துவிட்டார் என்பது காரணம். அது நடந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. முதல் ஜூரி ஒருமனப்படவில்லை. இரண்டாவது ஜூரி சித்தசுவாதீனமின்மை என்று சொல்லி விடுவித்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவர் 1913இல் அங்கிருந்து கானடாவுக்கு ஓடினார். 1915இல் மனம் தெளிந்தவர் என்ற சான்றோடு வெளியே வந்தார். குடும்பத்தின் பணம் எவ்வளவு செலவாயிற்றோ, அவ்வளவுக்கு அவருடைய பைத்தியமும் வேண்டும்போது வந்து வேண்டாதபோது நீங்கிற்று.

இந்த மூன்று கதைகளிலும் பெண்களுக்கு நேர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. சில்வியா அகுஜாவுக்கு எழுதிய கடிதங்கள் நீதிமன்றத்தில் தஸ்தாவேஜுகளாக வாசிக்கப்பட்டு, பத்திரிகைகளில் பிரசுரமாகி, ஊரார் வாயில் புரண்டன. ஈவ்லின் நெஸ்பிட் தம் பால்யத்தின் துயரத்தைக் கணவரின் உயிரைக் காப்பதற்காகக் கூண்டில் ஏறி விவரிக்க வேண்டியிருந்தது. சுடப்பட்டவருக்குத் துஷ்டன் என்ற பட்டமும் சுட்டவருக்கு வீரர் என்ற பட்டமும் கிடைத்தன. இவர்களுக்கு, இவ்வளவுக்கும் மூலகாரணம் என்ற பட்டம் கிடைத்தது. மும்தாஜ் பேகம் ஒருவரே சற்று வேறுபட்டவர். கிழிந்த முகத்தோடு சாட்சிக் கூண்டில் நின்று, தாம் ஏன் அரண்மனையைவிட்டு வந்தார் என்பதைப் பிரதிவாதிகளின் பிரபல வக்கீல்களின் முன்னிலையில் சொன்னார். சமஸ்தானாதிபதி ஒருவரின் முடி இறங்குவதற்கு வைஸ்ராயின் ராஜதந்திரம் காரணமென்று சரித்திரக்காரர்கள் எழுதுவார்கள். ஆட்டக்காரியின் வாக்குமூலம் இல்லாதிருந்தால் அந்த ராஜதந்திரத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருந்திராது. அவருடைய துணிவைப் பாராட்டி அன்றும் சரி, இன்றும் சரி, வாய் திறந்தவர்கள் சொற்பம். கொலை நடந்த அதே ஆண்டிலேயே அந்தக் கதை ‘குலீன் காந்தா’ என்ற ஊமைப் படமாக மட்டும் வந்துவிட்டது.

நானாவதியின் கதைக்கும் 1963இலிருந்து 2016 வரை பல திரை வடிவங்கள். இவற்றைத் தடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதை என்பது அனுதாபத்தால் ஜீவிப்பது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பத்திரிகை கதை எழுதத் தொடங்குவதைத்தான் ஆட்சேபிக்கிறேன். செல்வரோ, புகழ்பெற்றவரோ காதற் பொறாமையால் ஒருவரைக் கொன்றதாகச் செய்தி வரும்போது, நிருபர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அவர் எவ்வளவு நேசித்தார் என்பதன்று; செய்தி தெரிந்ததற்கும் செயல் நடந்ததற்கும் இடையில் எத்தனை மணி நேரம் கடந்தது, அதில் அவர் எங்கெங்கே சென்றார், யார் யாரை ஏவினார், என்ன பொய் சொன்னார் என்பவையே. கூலிக்காரனின் ஆறு வரிச் செய்தியிலும் இதே கேள்விகள் கேட்கப்படுமானால், பல சமயம் அவன் பக்கத்தில் சட்டம் இருப்பது தெரியவரும்.

கருணையைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்த ஆயுள் தண்டனையிலிருந்து 1964இல் கமாண்டர் நானாவதியை விடுவித்து மன்னிப்பு வழங்கியவர் மகாராஷ்டிர கவர்னர் விஜயலக்ஷ்மி பண்டிட். அதே சமயத்தில், இறக்குமதி லைசென்ஸ் வழக்கில் தண்டனை பெற்றிருந்த பாய் பிரதாப் என்ற சிந்தி வியாபாரிக்கும் மன்னிப்பு கிடைத்தது; கொல்லப்பட்டவரின் சிந்தி சமூகமும் கொன்றவரின் பார்ஸி சமூகமும் ஒருங்கே திருப்தியடையும்படி இரண்டும் இணைத்துத் தரப்பட்டன என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 1968இல் குடும்பத்தோடு கானடா சென்ற கமாண்டர், 2003இல் காலமானார். கணவன் மனைவி இருவரும் பழையதை மறந்து ஒன்றாக வாழ்ந்தார்கள் என்பதைக் குறித்து எனக்கு மகிழ்ச்சியே. மன்னிப்பு அதிகாரம் அரசியல் சாசனத்தில் இருக்கவேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. அது இரண்டு சமூகங்களுக்கிடையே செய்துகொள்ளும் பண்டமாற்றாகத் தோற்றமளிக்கும்படி விடப்பட்டதுதான் தவறு.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2006இல், ஆந்திரத்திலிருந்து வந்த எபூரு சுதாகர் வழக்கில், அரசியல் விசுவாசம், ஜாதி, மதம் முதலிய புறக் காரணங்களால் அளிக்கப்படும் மன்னிப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் கூறி, அவ்வாறு அளிக்கப்பட்ட ஒரு குறைப்பை ரத்தும் செய்தது. ஆனால் காரணம் இன்னதென்று வெளியே தெரிந்தால்தானே அது புறக் காரணமா, தகுந்த காரணமா என்று எவரும் கேட்கமுடியும்? ஆகையால், கவர்னரோ ராஷ்டிரபதியோ ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ பெற்ற ஒருவருக்கு மன்னிப்போ குறைப்போ வழங்கும்போது, அதற்கு ஆதாரமான மந்திரிசபையின் ஆலோசனைக் குறிப்பை உத்தரவோடு சேர்த்துக் கெஜட்டில் வெளியிடவேண்டும் என்று சட்டசபைகளும் பார்லிமென்டும் விதி செய்யலாம். அதே ஆண்டில் வந்து நிராகரிக்கப்பட்ட மனுக்களின் பட்டியலையும், மனுதாரரின் தொழில் இன்னதென்ற குறிப்போடு, அதன் கீழேயே அச்சிட்டுவிடலாம்.